குற்றமற்ற தண்ணீர்

ஒரு துறைமுக நகரத்தில், பதினோராவது மாடி வீடு ஒன்றின் கூடத்தில், ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிறு கடல் இருந்தது. அதற்கு அலை கிடையாது. இரண்டு விசிறிகள் மாறி மாறித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தன. சூரியனும் கிடையாது. காலை பத்து மணிக்கு ஒரு விளக்கு எரியத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு அணையும். ஆனாலும் அதற்குள் இருந்தவர்கள் அதைக் கடல் என்றே சொல்லிக்கொண்டார்கள். வேறு கடலை அவர்கள் பார்த்ததில்லை.

அந்தக் கடலின் நடுப்பாறையில் ஒரு பவளம் வாழ்ந்தது. கட்டைவிரல் அளவுத் துண்டாக அங்கே ஒட்டப்பட்டு, மூன்று ஆண்டுகளில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கிளைவிட்டிருந்தது. தேன் நிறம். ஒவ்வொரு கிளையிலும் நூற்றுக்கணக்கான சிறு வாய்கள். ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மெல்லிய கைகள். தொட்டிக்குள் இருப்பவர்களோடு பவளம் தண்ணீர் வழியாகப் பேசும். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் மனிதர்களிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான். நலமாக இருந்தால் கைகளை விரிக்கும். இல்லையென்றால் மடக்கிக்கொள்ளும்.

பவளத்தின் தோலுக்குள் பழுப்பு நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத குடிகள் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். ஒளியை வாங்கிச் சர்க்கரையாகச் சமைப்பது அவர்கள் வேலை. சமைத்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்தார்கள். பவளம் அவர்களுக்கு இருக்க இடம் கொடுத்தது. தேன் நிறம் உண்மையில் அவர்களுடைய நிறம்.

அந்தச் சமையலுக்கு ஒளி மட்டும் போதாது. பாஸ்பேட் என்ற ஒன்றும் வேண்டும். குழம்புக்கு உப்பு மாதிரி, கொஞ்சம்தான். அங்கே இருந்த மீன்களில் ஒன்றான மஞ்சள் மீன் சாப்பிடும், கழிக்கும். அந்தக் கழிவு கரைந்து பாஸ்பேட்டாகத் தண்ணீரில் பரவும். குடிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். கழிவிலிருந்து வருவது என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிடைத்துக்கொண்டிருந்தவரை பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அப்படி இருக்கும்போது பக்கத்துப் பாறையில் பச்சைப் பாசி முளைத்தாள். முதலில் ஒரு புள்ளி. ஒரு மாதத்தில் முடியைப் போல நீண்டு நீரோட்டத்தில் ஆடினாள்.

"கொஞ்சம் தள்ளிக்கொள். உன் முடி என் அடிக்கிளையில் படுகிறது" என்றது பவளம்.

"நான் எங்கே வந்தேன்? தண்ணீர் தள்ளுகிறது, ஆடுகிறேன்" என்றாள் பாசி.

இருவருக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தை, பக்கத்து வீட்டுச் சண்டையில் தன்னை இழுக்க வேண்டாம் என்றது. தான் மேய வந்தவன் என்றது.

"ஒழுங்காக மேய்ந்திருந்தால் சண்டையே வந்திருக்காது" என்றது பவளம்.

"எனக்கு இருப்பது ஒரு வாய். உன்னைப் போல ஆயிரமா வைத்திருக்கிறேன்?"

பவளத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பாசி உரசிய இடத்தில் தோல் எரிந்தது. பாசி மூடிய பவளம் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். ஒளி வராது, குடிகளுக்கு அடுப்பு எரியாது. அதனால் அது தன் குடிகளைக் கேட்டது: அந்தப் பாசி எதைத் தின்று இப்படி வளர்கிறாள்?

குடிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு பதில் சொன்னார்கள். நாங்கள் உண்பதைத்தான் அவளும் உண்கிறாள், பாஸ்பேட்டை. அவள் எங்களுக்குத் தூரத்து உறவு.

அந்த இரண்டாவது வாக்கியம் பவளத்துக்குப் பிடிக்கவில்லை. தன் தோலுக்குள் இருப்பவர்களும் பாறையில் தலைவிரித்து ஆடுகிறவளும் உறவு என்றால் அது என்ன பேச்சு. அந்த எரிச்சலில் முதல் வாக்கியத்தை அது யோசிக்கவே இல்லை. பாஸ்பேட் என்ற பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு எல்லாக் கைகளையும் மடக்கியது. மூன்று நாள் விரிக்கவில்லை.

வெளியே இருந்த மனிதன் அதைக் கவனித்தான்.

அவன் பெயர் தனபாலன். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் அவனுக்கு வேலை. நான்கு வாரம் அங்கே, நான்கு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும் நாட்களில் பெரும்பகுதி அவன் தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பான். இதற்கு முன் அவனிடம் இன்னொரு தொட்டி இருந்தது. ஒருமுறை அவன் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பச்சைப் பாசி அதில் இருந்த பவளங்கள் அத்தனையையும் மூடிவிட்டது. செத்தவற்றைத் தன் கையாலேயே பெயர்த்து வாளியில் போட்டான். அவற்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நுனியில் மட்டும் உயிர் இருந்தது. அந்த நுனிதான் இப்போது நடுப்பாறையில் கைகளை மடக்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா இதையே பாத்துக்கிட்டிருக்கீங்க. சோறு ஆறுது" என்றாள் அவன் மனைவி லோகேஸ்வரி.

"கை விரிக்க மாட்டேங்குது."

"தூங்குதோ என்னவோ."

"பயப்படுது" என்றான் தனபாலன்.

சரியாகத்தான் சொன்னான். மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் ஒரு கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துப் பொடியைப் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் காத்திருந்தான். தண்ணீரில் பாஸ்பேட் இருந்தால் குப்பி நீலமாகும். எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தி. அன்று நாவல்பழம் பிழிந்தது மாதிரி ஆகியது. அவனையும் சேர்த்து, கடல் தொட்டி வைத்திருந்த பன்னிரண்டு பேர் கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் தங்கள் குப்பியைப் படமெடுத்துப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். யாருடைய குப்பி அதிக வெளுப்பாக இருக்கிறதோ அவருக்குக் கைதட்டல். தனபாலன் அன்று படம் போடவில்லை. கடைக்குப் போய் ஒரு பை இரும்புத் துகள் வாங்கி வந்தான்.

கடுகளவுத் துகள்கள், துரு நிறம். தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் ஒரு உருளையை நிறுத்தி, அதில் அவற்றைக் கொட்டி, சிறு மோட்டார் வைத்துத் தொட்டித் தண்ணீர் அவற்றின் ஊடாகப் போய்த் திரும்பும்படி செய்தான். பிளக்கைச் சொருகியதும் துகள்கள் மெல்லப் புரளத் தொடங்கின.

"எங்களைக் கூப்பிட்டது யார்?" தண்ணீர் வழியாக அவற்றின் குரல் மேலே வந்தது. நிறையப் பேர் ஒரே குரலில் பேசுவது போல இருந்தது.

"நான்தான்" என்றது பவளம்.

"என்ன செய்ய வேண்டும்?"

"அந்தப் பாசிக்குப் போகிற பாஸ்பேட்டைப் பிடிக்க வேண்டும்."

"அது யாருக்குப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. வந்தால் பிடிப்போம். அது ஒன்றுதான் தெரியும்."

"அது போதும்" என்றது பவளம். நிம்மதியாகக் கைகளை விரித்தது. வெளியே தனபாலன் லோகேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை குப்பி வானத்து நீலமாக இருந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை நீலம் இருக்கிறதா இல்லையா என்று வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தனபாலன் மீன்களுக்குப் போடும் தீனியையும் பாதியாக்கினான். தீனிதானே கழிவு, கழிவுதானே பாஸ்பேட் என்று லோகேஸ்வரிக்கு விளக்கினான். அவள் மஞ்சள் மீனைப் பார்த்தாள். விளக்கம் மீனுக்கு எப்படி வயிறு நிரப்பும் என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பாசி நரைத்தாள். முடி கொத்துக் கொத்தாகக் கழன்று விசிறிப் பக்கம் போனது. கடைசிக் கொத்து போவதற்கு முன் பவளத்தைப் பார்த்து, "நான் முதலில் போகிறேன், அவ்வளவுதான்" என்றாள். தோற்றவள் பேச்சு என்று பவளம் எடுத்துக்கொண்டது.

நான்காவது வெள்ளிக்கிழமை குப்பியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. தனபாலன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்துக் குழுவில் போட்டான். பூச்சியம் என்று மட்டும் எழுதினான். பதினொரு பேரும் கைதட்டினார்கள். மறுநாள் அவன் வேலைக்குப் போக வேண்டும். நான்கு வாரத் தீனியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்துவிட்டு நிம்மதியாகப் போனான்.

அவன் திரும்பி வந்தபோது பவளம் தேன் நிறத்தில் இல்லை. பால் நிறத்தில் இருந்தது. கிளை நுனிகளில் மட்டும் இளநீலம். அவன் வாசலிலேயே பையை வைத்துவிட்டு நின்று பார்த்தான். இவ்வளவு அழகான ஒன்றை அவன் கண்ணாடிக்குள் பார்த்ததில்லை.

குழுவிலிருந்து ஆரோக்கியநாதன் என்ற மருந்துக்கடைக்காரர் கேமராவோடு வந்தார். முக்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படமெடுத்தார். இந்த நிறம் வருவதற்கு அவரும் நான்கு ஆண்டுகளாகப் பாடுபடுகிறாராம். என்ன செய்தாலும் தன்னுடைய பவளங்கள் பழுப்பாகவே கிடக்கின்றன, மீன்களுக்கு அள்ளிப் போடுகிற கை, அதை மாற்ற முடியவில்லை என்று வருத்தப்பட்டார்.

காபி கொண்டுவந்த லோகேஸ்வரி, "எனக்கென்னவோ உடம்புல ரத்தம் இல்லாதவங்க மாதிரி தெரியுது" என்றாள்.

"நல்ல தண்ணியில இருக்கிற பவளம் இப்படித்தான்மா இருக்கும்" என்றார் ஆரோக்கியநாதன்.

கண்ணாடிக்குள் அன்று குடிகளில் ஒரு பகுதியினர் பவளத்திடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். இப்படிப் போவது அது முதல் முறையல்ல. தினமும் கொஞ்சம் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒளி இருக்கிறது, சமைக்க முடியவில்லை என்றார்கள். ஒளி சும்மா விழுந்து சுடுகிறது என்றார்கள்.

"எங்கே போவீர்கள்?" என்று கேட்டது பவளம்.

"தெரியாது."

"வெளியே மட்டும் என்ன இருக்கிறது? அதே தண்ணீர்தானே?"

"அதே தண்ணீர்தான்" என்றார்கள் குடிகள். பவளத்தின் வாய்கள் வழியாக வெளியே வந்து, நீரோட்டத்தில் பழுப்பு இழையாகக் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு தெரியாமல் போனார்கள்.

பவளம் அப்போதுதான் கீழே இருந்த இரும்பைக் கூப்பிட்டது. பாசி போய்விட்டாள், இனிமேல் வேலையை நிறுத்தலாம் என்றது.

"வருவது நிற்கவில்லையே. மீன் இன்னும் கழிக்கிறது. வருகிறது, பிடிக்கிறோம்" என்றது இரும்பு.

"அது எனக்கு வேண்டும். என் ஆட்கள் பசியால் போகிறார்கள்."

"அதை முதலில் சொல்லவில்லை."

"எனக்கு முதலில் தெரியாது." பவளம் மேலும் கேட்டது: "நீங்கள் இதுவரை பிடித்ததெல்லாம் எங்கே?"

"எங்களிடம்தான் இருக்கிறது. ஒரு துளியும் நாங்கள் தின்னவில்லை. எங்களுக்குப் பசியே கிடையாது."

"அதில் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்."

இரும்பு புரண்டுகொண்டே இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் அதன் குரலில் இல்லை. "எடுக்கத் தெரியும்" என்றது. "கொடுக்கத் தெரியாது."

அன்று பவளம் மறுபடியும் எல்லாக் கைகளையும் மடக்கியது. தனக்கு இருந்த ஒரே பேச்சை அது மீண்டும் பேசியது. முன்பு பயத்துக்குச் சொன்ன சொல்லைத்தான் இப்போது பசிக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

அதே வாரத்தில் மணலின் மேல் பழுப்புச் சளி ஒன்று படர்ந்தது. அதற்கு முன் அந்தக் கடலில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பகலில் குமிழிகளோடு கிளம்பும், விளக்கு அணைந்தால் அடங்கும்.

"நீங்கள் யார்?" என்று கேட்டது பவளம்.

"இங்கே யாரும் இல்லை என்று கேள்விப்பட்டு வந்தோம்."

"நான் இருக்கிறேன்."

"சரி, அவசரமில்லை. காத்திருக்கிறோம்" என்றது சளி.

எல்லோரும் எதையாவது தின்னத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நத்தைக்குப் பாறையில் மேய ஒன்றும் இல்லை. அது மணலுக்கு இறங்கிச் சளியை ஒரு வாய் தின்றது. ருசி எப்படி என்று பவளம் கேட்டதற்கு, "பசித்தவனிடம் கேட்கிற கேள்வியா" என்றது. மூன்றாம் நாள் நத்தை வாய் மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. அந்தச் சளியில் நஞ்சு இருந்தது.

தனபாலன் செத்த நத்தையை இடுக்கியால் எடுத்தான். மடங்கிய கைகளைப் பார்த்தான். மணலைப் பார்த்தான். பழையபடி அழுக்குச் சேருகிறது, பவளம் பழையபடி பயப்படுகிறது என்று அவனுக்குப் பட்டது. குப்பியில் பூச்சியம்தான் வந்தது. அந்தப் பூச்சியம் போதவில்லை என்று நினைத்தான். பூச்சியத்துக்குக் கீழே போக வழியில்லை. ஆனாலும் அவன் கடைக்குப் போய் இன்னொரு பை இரும்பு வாங்கி வந்து உருளையை விளிம்பு வரை நிரப்பினான்.

இரண்டு வாரத்தில் பவளத்தின் அடிக்கிளையில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. வெள்ளை வெளேரென்ற எலும்பு. நாளுக்கு ஒரு நகத்தின் அகலம் அந்த வெள்ளை மேலே ஏறியது. தனபாலன் முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பழைய வாளியைப் பற்றி லோகேஸ்வரியிடம் ஒருமுறை பேசினான். இதையும் அப்படி வாரிப் போட வேண்டி வந்தால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் தொட்டி வேண்டாம் என்றான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். மறுநாள் அவனுக்கு மேடைக்குப் போகும் முறை.

போகும்முன் பதினான்கு பொட்டலம் கட்டினான். இரண்டு நாளைக்கு ஒன்று. ஒரு பொட்டலத்தில் இரண்டு சிட்டிகை. அதற்கு மேல் ஒரு பருக்கை கூடப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

லோகேஸ்வரிக்குத் தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே தொட்டி இருந்தது. மஞ்சள் மீன் கண்ணாடியோடு கண்ணாடியாக வந்து நின்றது. அதன் வயிறு உள்வாங்கிப் பக்கவாட்டில் ஒரு பள்ளம் தெரிந்தது. அவள் தட்டைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த வேளை இடத்தை மாற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு பொட்டலம் பிரித்தாள். பதினான்கும் தீர்ந்ததும் டப்பாவிலிருந்து கையால் எடுத்துப் போட்டாள்.

ஐந்தாம் நாளே இன்னொன்றும் நடந்தது. அலமாரிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. விளிம்பு வரை நிரப்பிய இரும்பு அழுத்தியதில் உருளையின் குழாய் இணைப்பு விரிந்துவிட்டிருந்தது. உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மின்பலகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. லோகேஸ்வரி பயந்துபோய், ஈரமான ஒயர் எதுவோ அதன் பிளக்கைப் பிடுங்கினாள். சொட்டுவது நின்றது. மற்ற எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் நிறுத்தியதால் என்ன ஆகிவிடும் என்று கதவைச் சாத்தினாள். அன்று மாலை தனபாலன் போனில் கூப்பிட்டபோது சொல்லத்தான் நினைத்தாள். அவன் எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

உருளைக்குள் இரும்பு புரள்வதை நிறுத்தியது. அதன் குரல் மேலே வருவதும் நின்றது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கழித்து, தண்ணீரில் மிகச் சன்னமாக, பழைய ஆட்கள் சிலர் திரும்பி வந்திருப்பதைப் பவளம் உணர்ந்தது. நிறமில்லை, மணமில்லை.

"நீங்கள்தானா?" என்றது.

"நாங்கள்தான்" என்றது பாஸ்பேட். "மீன் சாப்பிட்டது. வந்தோம்."

"உங்களைப் பிடித்துப் போகச் சொன்னது நான்தான்."

"எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வரும் வழியில் இரும்பு பிடித்தது. இப்போது பிடிக்கவில்லை."

"என் மேல் கோபம் இல்லையா?"

பாஸ்பேட் அதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. "உள்ளே வரலாமா?" என்று மட்டும் கேட்டது.

பவளத்துக்குள் எஞ்சியிருந்த குடிகள் சிலர்தான். அவர்கள் அடுப்புகளைப் பற்றவைத்தார்கள். பத்து நாளில் பால் நிறத்தின் அடியில் லேசாக மஞ்சள் ஓடியது. பதினைந்து நாளில் உரிந்துகொண்டிருந்த தோல் ஓரிடத்தில் நின்றது. அதற்குக் கீழே பாதிப் பவளம் எலும்பாகிவிட்டிருந்தது. மணலில் சளி மெலிந்தது. இங்கே கூட்டம் அதிகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒரு மூலைக்கு ஒதுங்கியது.

நான்காவது வாரம் பச்சைப் பாசி வந்தாள். தோலில்லாத வெள்ளைக் கிளைகளின் மேல் ஒரு புள்ளியாக முளைத்து, நாலைந்து இழைகளாக நீண்டாள்.

"வந்துவிட்டேன்" என்றாள்.

"தெரியும்" என்றது பவளம். "கீழே இருக்கிற வெள்ளைக் கிளைகளை எடுத்துக்கொள். அவை இனி எனக்கு இல்லை. மேலே வராதே."

"அப்படி வாக்குக் கொடுக்க எனக்குத் தெரியாது. மஞ்சள் மீன் மேய்ந்தால் நிற்பேன். மேயாவிட்டால் வருவேன்."

பவளம் மஞ்சள் மீனைப் பார்த்தது. அதன் வயிற்றுப் பள்ளம் நிரம்பியிருந்தது. அது பாசியின் ஒரு இழையைக் கடித்து இழுத்துக்கொண்டு போனது.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தனபாலன் வந்தான். மதிய நேரம். கதவைத் திறந்ததும் அவன் கண்ணில் பட்டது தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பச்சை மங்கல். அதைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தபோது வெள்ளைக் கிளையும் அதில் ஆடும் பாசியும் தெரிந்தன. அதற்கு மேல் பார்க்க அவனால் முடியவில்லை. உடை மாற்றாமல் குப்பியை எடுத்துத் தண்ணீர் பிடித்து, பொடி போட்டுக் குலுக்கினான். பத்து நிமிடம் நின்றுகொண்டே இருந்தான். குப்பி இளநீலமானது.

அலமாரிக் கதவைத் திறந்தான். பிளக் கழன்று கிடந்தது. உப்புப் பூத்திருந்தது.

"யாரு எடுத்தது?"

"நான்தான். தண்ணி ஒழுகுச்சு. கரண்டு அடிக்கும்னு பயந்து எடுத்தேன்."

"எப்போ?"

"நீங்க போன அஞ்சாம் நாள்" என்றாள் லோகேஸ்வரி. பிறகு எதையும் மறைப்பதில் பயனில்லை என்று தோன்றியதால், தீனியும் தினம் போட்டதாகச் சொன்னாள்.

தனபாலன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீலக் குப்பியை அவளிடம் நீட்டினான். பிறகு தரையில் மண்டியிட்டுக் குழாய் இணைப்பை இறுக்கினான். பிளக்கைத் துணியால் துடைத்துக் கையில் எடுத்தான்.

மேலே பவளத்துக்கு அது தெரிந்தது. அலமாரிக் கதவு திறந்த அதிர்வும், இணைப்பு இறுகியபோது உருளைக்குள் இரும்பு லேசாக அசைந்ததும் தண்ணீரில் தெரிந்தன. இன்னும் ஒரு கணத்தில் அது புரளத் தொடங்கும். எஞ்சிய குடிகள் இன்னொரு பசியைத் தாங்க மாட்டார்கள்.

பவளம் தன் கைகளை விரித்தது. பட்டப்பகலில், தோல் மிஞ்சியிருந்த ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு வாயைச் சுற்றியும், ஒன்றுவிடாமல் விரித்தது. புதுத் தோல் இன்னும் புண்ணாகத்தான் இருந்தது.

"குப்பியைப் பாத்தது போதும்" என்றாள் லோகேஸ்வரி. "அதக் கொஞ்சம் பாருங்க."

மண்டியிட்டிருந்த தனபாலன் தலையைத் தூக்கினான். அவன் கண் மட்டத்துக்கு மேலே பவளம் இருந்தது. கீழ்ப்பாதி வெள்ளை எலும்பு, அதில் பச்சை முடி. மேல்பாதியில் வெளிறிய தேன் நிறம். அந்தத் தேன் நிறத்தின் மேல் பஞ்சு படர்ந்தது போல ஏதோ அசைந்தது. அது என்னவென்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. இரண்டு மாதமாக அவன் அந்தக் கைகளைப் பார்த்திருக்கவில்லை.

அப்போது விசிறி திசை மாறியது. தண்ணீர் பவளத்தின் பக்கம் தள்ளியது. பாசி சாய்ந்தாள். அவளுடைய நீண்ட இழை ஒன்று எலும்பைத் தாண்டி மேலே வந்தது.

"பார்த்துக்கொள். நான் வேண்டுமென்று வரவில்லை" என்றாள்.

பவளத்தின் உடம்பு முழுக்க ஒரே ஒரு பழக்கத்தைத்தான் நினைத்தது. மடக்கினால் எரிச்சல் நின்றுவிடும். மடக்கினால் கீழே இருக்கிற மனிதன் அதைப் பார்ப்பான். பார்த்து, தனக்குத் தெரிந்த உதவியைச் செய்வான்.

தனபாலன் பிளக்கைப் பிடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாசி உரசினாள். பவளம் கையை மடக்கவில்லை.